போதும் என்று சொல்ல ஓர் ஆள்

கலாமணிக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பி பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஜாக்கெட்டில் கையை நுழைக்க இன்னொருவர் வேண்டும். தலை வாரிவிட இன்னொருவர் வேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிய முடியாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கோபியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாண வீட்டுக் காலைப் பந்தி என்றால் கலாமணியின் சந்தகைதான். எத்தனையோ இயந்திரங்கள் வந்துவிட்ட 2047-லும், கைப்பிடியைச் சுற்றி இறக்கும் இரும்பு அச்சில் பிழிந்தால்தான் அந்தப் பக்கத்து ஆட்கள் அதைச் சந்தகை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கைப்பிடி, அவள் கையை முழுதாகத் தூக்கினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது.

தோளில் வலி தொடங்கியபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்தாள். அசைக்காத மூட்டு மெல்ல இறுகி, ஒருநாள் எழும்பவே மறுத்துவிட்டது.

தலை வாரிவிடும் வேலை மருமகள் நிவேதாவுக்கு வந்தது. நிவேதா அதைச் செய்யாமல் இருந்ததில்லை, குறை சொல்லாமல் செய்ததும் இல்லை. அத்தையின் முடி சிக்கு, சீப்பு விரலைக் குத்துகிறது, நின்று வாரினால் குதிகால் வலிக்கிறது, உட்கார்ந்து வாரினால் இடுப்பு பிடிக்கிறது. கொசு கடித்தால்கூட அந்த இடத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் சொறிவாள். அவள் கணவன், கலாமணியின் ஒரே மகன், புனேயில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை வருவான். அதனால் அந்தப் புலம்பல் முழுவதும் கலாமணியின் காதில்தான் விழுந்தது. வலியையாவது தாங்கிக்கொள்ளலாம், இவள் வலியைப் பற்றிப் பேசுவதைத் தாங்க முடியவில்லை என்று கலாமணி கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கணவர் நாச்சிமுத்து அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் விசாரித்து, சத்தி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த மூட்டு அசைவு நிலையத்துக்கு அவளை அழைத்துப் போனார். அங்கே சிகிச்சை பார்த்தவள் ஷெரின் என்ற பெண், மார்த்தாண்டத்துக்காரி. ஏழு வருடம் இதே வேலையில் இருந்து, எதைக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளும் ஒரு குரலைச் சம்பாதித்திருந்தாள்.

தோள் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு சுருங்கிவிட்டது, அதை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விரிக்க வேண்டும் என்றாள். அதற்குத்தான் அந்த இயந்திரம். அது நோயாளியின் கையைப் பிடித்து மெல்ல உயர்த்தும், தினமும் இருபது நிமிடம், பன்னிரண்டு வாரம். நாச்சிமுத்து, அவ்வளவுதானே, அதை நானே தூக்கிவிடுவேனே என்றார்.

"தூக்கிப் பாத்தீங்களா சார்?"

பார்த்திருந்தார். கலாமணி பல்லைக் கடித்துக்கொண்டாள், கை கல்லாக இறுகிவிட்டது.

"அதுதான் விஷயம். வலி தெரிஞ்சா தசை விடாது, பூட்டிக்கிடும். மயக்க மருந்து கொடுத்தா தசை விடும். ஆனா சவ்வு விரியுதா, இல்லை உள்ள ஏதாவது கிழியுதான்னு சொல்ல யாருமே இருக்க மாட்டாங்க. இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது வலிக்கு மட்டும்தான் தெரியும். அதனால அம்மாவோட வலியை அம்மாகிட்ட இருந்து எடுத்து, பக்கத்துல இருக்கிற இன்னொருத்தருக்குக் கொடுக்கிறோம்."

கலாமணியின் தோளில் ஒரு பட்டை கட்டுவார்கள். அது மூளைக்குப் போகும் வலியைத் தடுத்து, இன்னொருவர் தோளில் மாட்டிய உறைக்கு அனுப்பும். அந்த இன்னொருவர் கலாமணிக்கு வலிக்க வேண்டியதை அப்படியே உணர்வார். தாங்க முடியாத இடம் வந்ததும் போதும் என்று சொல்வார், இயந்திரம் நின்றுவிடும். அவருக்கு உடம்பில் எதுவும் ஆகாது. வலி மட்டும் இருக்கும், உறையைக் கழற்றியதும் போய்விடும். பன்னிரண்டு வாரமும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. அந்த ஆளுக்குப் படிவத்தில் 'வலி தாங்குநர்' என்று பெயர்.

கூலிக்கு ஆள் வைக்கக் கூடாதா என்று கலாமணி கேட்டாள். முன்பு வைத்தார்கள் என்றாள் ஷெரின். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்த ஆட்கள் கடைசிவரை போதும் என்று சொல்லவே இல்லை. பல பேருக்கு மூட்டு கிழிந்தது. இப்போது சட்டப்படி வீட்டு ஆட்கள் மட்டும்தான். இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து தன் அறையில் நடக்காத குடும்பச் சண்டை இல்லை என்றும் சொன்னாள்.

கலாமணியின் வீட்டில் சண்டை வரவில்லை. மகன் புனேயில் இருந்தான். நிவேதா ஊசி என்றாலே தனக்கு ஆகாது என்று முதலிலேயே ஒதுங்கிக்கொண்டாள். நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்றார். முப்பது வருடம் பையன்களை வெயிலில் ஓடவிட்டவர். வலி என்று வந்து நின்ற எந்தப் பையனையும் அவர் மரத்தடியில் உட்கார விட்டதில்லை.

முதல் மூன்று வாரத்தில் நடந்தது அதிசயமாகத்தான் இருந்தது. எழுபது டிகிரியில் நின்றிருந்த கை நூற்றிருபதுக்கு வந்தது. கலாமணி எதுவும் தெரியாமல் சுவரில் ஓடும் மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து நாற்காலியில் நாச்சிமுத்து முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் ஊன்றி, கொடிக்கம்பம் மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்ற அறைகளிலிருந்து போதும் போதும் என்ற சத்தம் வந்துகொண்டே இருக்கும். இந்த அறையில் ஒரு சத்தமும் இருக்காது.

ஷெரினுக்கு அது பிடிக்கவில்லை. உண்மையிலேயே வலி வருகிறதா, உறை சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு முறை சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அவரிடமே கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு வலியா மேடம் என்று சிரித்தார்.

இருபத்திரண்டாம் நாள், நூற்றிருபத்தாறு டிகிரியில், கலாமணியின் தோளுக்குள் நூல் அறுந்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவளுக்கு வலியே இல்லை. ஏதோ சத்தம் என்று சொல்லத் திரும்பியவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். ரத்தமே இல்லாத முகம். கன்னத்தில் வியர்வை வழிந்தது. கீழுதட்டைக் கடித்த இடத்தில் பல் பதிந்திருந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஷெரின்தான் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

படம் எடுத்துப் பார்த்ததில் தசைநாரின் ஓரம் கிழிந்திருந்தது. தானாக ஆறிவிடும், ஆனால் ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது. அதற்குள் மூட்டு மறுபடி இறுகிவிடும். செய்த வேலை அத்தனையும் வீண்.

ஷெரின் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

"உங்களை யாரு சார் தாங்கச் சொன்னது? தாங்கறதுக்கு ஆள் வேணும்னா அம்மாவே போதுமே. அவங்க ஆறு மாசம் தாங்கிட்டுத்தானே இங்க வந்திருக்காங்க. எனக்கு வேண்டியது வலிக்குதுன்னு சொல்ற ஆள். அந்த ஒரு வேலைதான். அதை மட்டும் செய்ய உங்களால முடியல."

அந்தப் படிவத்தில் தாங்குநர் என்று பெயர் வைத்தவனைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்பேன், மூன்று முறை எழுதிப் போட்டும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாச்சிமுத்துவின் பெயரை அடித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கலாமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் இப்போது நெருப்பாக எரிந்தது. அவருடைய வீம்புக்குத் தன் தோள்தானா கிடைத்தது என்று ஆத்திரமாக வந்தது. கவுந்தப்பாடி தாண்டியதும் நாச்சிமுத்து முன் சீட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"பதினோரு மாசம் நீ தாங்கினதை இருபது நிமிஷம் என்னால தாங்க முடியாதான்னு நெனச்சேன் கலா. நிறுத்தச் சொன்னா, உன்னைய விட்டுப்போட்டு ஓடற மாதிரி இருந்துச்சு."

திட்டுவதற்காக அவள் எடுத்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் பயனில்லாமல் போயின. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

ஆறு வாரம் கழித்து இருவரும் ஷெரின் முன்னால் போய் உட்கார்ந்தபோது கை மறுபடியும் எண்பதில் நின்றது. ஷெரின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். உங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் வலிக்கிறது, முடியவில்லை என்று புலம்புகிற ஆள் யாராவது உண்டா?

கலாமணியும் நாச்சிமுத்துவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நிவேதாவைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இல்லை. அப்படியென்றால் நான் எந்நேரமும் புலம்புகிறேன் என்கிறீர்களா என்று முதலில் அதற்கே ஒரு மணி நேரம் புலம்பினாள். கடைசியில் ஷெரினே போனில் பேசினாள். வலியைச் சரியாகச் சொல்லத் தெரிவது ஒரு திறமை, நூறு பேரில் பத்துப் பேருக்குத்தான் அது வாய்க்கிறது, உங்கள் மாமாவுக்கு இல்லாதது உங்களுக்கு இருக்கிறது என்றாள். நிவேதாவின் வாழ்க்கையில் அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை. நாற்காலிக்குத் தனியாக ஒரு மெத்தை வேண்டும், மின்விசிறி நேராக முகத்தில் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் இயந்திரம் இரண்டு டிகிரி நகர்வதற்குள் போதும் என்று கத்தினாள். இருபது நிமிடத்தில் முப்பத்தொரு முறை நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் கொஞ்சம் இறங்கி, காத்திருந்து, மறுபடி எழும்ப வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது அரை டிகிரி. கலாமணி மீன் படத்தைப் பார்த்தபடி, இந்தக் கணக்கில் போனால் பேரனின் கல்யாணத்துக்குத்தான் சந்தகை பிழிவேன் என்று நினைத்துக்கொண்டாள். ஷெரின் மட்டும் முகம் மலர்ந்து நின்றாள். இத்தனை மாதத்தில் அவள் அலுப்பில்லாமல் பேசியதை அன்றுதான் கேட்டார்கள்.

ஏனென்றால் நிவேதா வெறுமனே கத்தவில்லை. இது இழுக்கிற வலி, இது பரவாயில்லை, போகலாம் என்பாள். இது எரிகிற வலி, கொஞ்சம் நிறுத்துங்கள் என்பாள். இது உள்ளே துணி கிழிகிற மாதிரி வருகிறது, இறக்குங்கள் என்பாள். எந்த இடத்தில் தொடங்கி எந்த இடம்வரை ஓடுகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். ஷெரின் அதையெல்லாம் எழுதிக்கொண்டு இயந்திரத்தின் கோணத்தை மாற்றுவாள். நான்காம் வாரம் கை நூற்றுப்பத்தைத் தொட்டது. எங்கேயும் எதுவும் கிழியவில்லை.

தினமும் போகவர முக்கால் மணி நேரம் நிவேதாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டால் அவளுடைய புலம்பலில் பாதி வேடிக்கைதான் என்று கலாமணிக்குத் தெரிந்தது. ஒருநாள் சிரித்தும் விட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருந்த நிவேதா பாதியில் நிறுத்தினாள். அத்தையின் தோளில் பின்பக்கமாக ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டாக்டர்கள் இத்தனை மாதம் தடவித் தேடிய இடம் அது. அவள் தேடவே இல்லை.

"இதோடவா அத்தை பதினோரு மாசம் எங்களுக்குத் தோசை சுட்டீங்க?"

கலாமணி, சமையலறையில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனாள். எதுவும் பொங்கவில்லை.

அதன் பிறகு வேகம் கூடியது. எட்டாம் வாரம் நூற்று நாற்பத்தைந்து. கலாமணி தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். கொடுமுடியில் ஒரு கல்யாணத்துக்குத் தை மாதம் சந்தகைக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கைப்பிடி எட்டிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

ஒன்பதாம் வாரம் தொடங்கிய திங்கட்கிழமை ஷெரின் சிகிச்சையைத் தொடங்கவில்லை. மாமியாரையும் மருமகளையும் எதிரில் உட்கார வைத்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது முறை போதும். பிறகு இருபது. பிறகு பன்னிரண்டு. போன வாரம் வெறும் நான்கு. வலி குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம் என்றாள் கலாமணி.

அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. பட்டை வழியாக நிவேதாவின் தோளுக்குப் போன வலியின் கோடு. அது குறையவே இல்லை.

நிவேதா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். தை மாதம் நெருங்குகிறதே என்றுதான், சித்தெ பொறுத்துக்கொண்டால் சீக்கிரம் முடியுமே என்றுதான் என்று மெதுவாகச் சொன்னாள். அத்தைக்கு அந்தக் கல்யாணம் எவ்வளவு முக்கியம் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

ஷெரின் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களுமா? உங்க வீட்டுத் தண்ணியில என்னதான் கலந்திருக்கு?"

பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். இது புதிதில்லை, ஏழு வருடமாகப் பார்க்கிறேன். பிடிக்காத ஆளுக்கு வலி சொல்ல வந்தவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள். நாளாக ஆகப் பாசம் வந்துவிடுகிறது. பாசம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்புறம் அவர்களால் எனக்கு உபயோகம் இல்லை. அறிக்கையில் இதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும், என்ன எழுதுவது என்றே ஒவ்வொரு முறையும் தெரியவில்லை.

நிவேதாவின் பெயரையும் அடித்தாள். நிவேதா அழுதுவிட்டாள். கண்ணில் தூசி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள், அன்று சத்தமில்லாமல் அழுதாள். கலாமணிக்குக் கோபம் எல்லோர் மேலும் வந்தது. சொல்லாத கணவர் மேல், சொல்லிக்கொண்டிருந்துவிட்டு நிறுத்திய மருமகள் மேல், இந்தக் குடும்பத்துக்கு இதை முதலில் பழக்கிவிட்டது யார் என்ற கேள்வி வந்ததும் தன் மேலும். வலது கையை நீட்டி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த உயரத்துக்குக் கை இப்போது தடையில்லாமல் போனது.

மிச்சம் முப்பது டிகிரி. கைப்பிடியை எட்ட அது வேண்டும். பெயர் அடிக்கப்பட்டவர்கள் நான்கு மாதம் கழித்து மறுதேர்வுக்கு வரலாம் என்று விதி இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அந்த நான்கு மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஒன்பது நாள் காத்திருந்து, மூன்று பேருமாகப் போனார்கள்.

ஷெரின் நம்பிக்கையில்லாமல்தான் உறையை மாட்டினாள். அவர் முன்னால் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"சார், ஒரே ஒரு விதி. எங்க வலிச்சாலும், எவ்வளவு சின்ன வலியா இருந்தாலும், வந்த உடனே சொல்லணும். நான் கேக்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சரியா?"

நாச்சிமுத்து தலையாட்டினார். நிவேதா கதவோரம் நின்றாள். இயந்திரம் கலாமணியின் கையை நூற்று நாற்பதுக்கு உயர்த்தியது. நாச்சிமுத்துவின் தாடை இறுகியது. கண்ணை மூடித் திறந்தார். ஷெரின் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் தொண்டையைச் செருமினார்.

"வலிக்குதுங்க."

இயந்திரம் நின்றது. அறையில் மூன்று பெண்களும் அவரையே பார்த்தார்கள். எங்கே என்று ஷெரின் கேட்டாள். அவர் உறையைத் தோளிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தார். குனிந்து, வேட்டியை விலக்கி, இடது முழங்காலைக் காட்டினார். அது வலதுகாலைவிட ஒன்றரை மடங்கு வீங்கியிருந்தது.

"சார், இந்த உறையில முட்டி வலி வராது. அது தோளுக்கு மட்டும்தான்."

"தெரியுங்க மேடம். இது என்ற சொந்த வலி. எங்க வலிச்சாலும் சொல்லோணும்னு நீங்கதான சொன்னீங்க."

"எத்தனை நாளா இருக்கு?"

நாச்சிமுத்து கொஞ்சம் கணக்குப் போட்டார். "பத்தொம்பது வருசம் இருக்குமுங்க."

ஷெரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். இவரைத் தேர்ச்சி என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிவேதா கதவோரத்திலிருந்து வந்து மாமனாரின் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கை சுட்டது போல எடுத்துக்கொண்டாள். கலாமணியால் திரும்ப முடியவில்லை. கை இயந்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருப்பி, கணவரைப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாக ஒரே வீடு. அவர் படியேறியதை, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை, விடிந்ததும் மைதானத்துக்குப் போனதை எல்லாம் தினமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"மொதல்ல அவருக்குப் பாருங்க மேடம்" என்றாள்.

இயந்திரத்தில் வைத்துவிட முடியும், முழங்கால் தோளைவிடச் சீக்கிரம் நெகிழும் என்றாள் ஷெரின். ஆனால் அவருக்கு யார் சொல்வது? நிவேதாவின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. கலாமணி, நான் இருக்கிறேனே என்றாள்.

ஷெரின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு மாதம் மூச்சுவிடாமல் இருந்து மூட்டையே பூட்டிக்கொண்டு வந்தவள்.

"உங்களுக்குச் சொல்லத் தெரியுமாம்மா?"

தெரியும் என்று சொல்லத்தான் கலாமணி வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாச்சிமுத்து உறையைக் கழற்றிய நொடியிலிருந்து வலி போக வேறு இடமில்லாமல் அவள் தோளுக்கே திரும்பி வந்திருந்தது. நூற்று நாற்பது டிகிரியில் தொங்கிய கை, விரல் நுனிவரை எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். மூன்று பேரும் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் பல்லை விட்டாள்.

"மேடம், என்ற கை வலிக்குதுங்க. இதைச் சித்தெ எறக்கி உடுங்க."